முக்கால் மில்லிமீற்றரில் ஒரு லயம்

இலங்கையில் சாதாரண தரப் புவியியல் பாடத்தில் 1:50,000 இடவிளக்கப்படத்தை வாசிக்கப் பழக்குகிறார்கள். அதில் ஒரு சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 500 மீற்றர். தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே ரயில் நிற்கும் வட்டகொடையில், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வசிக்கும் லயம் ஒன்றை அந்தப் படத்தில் வைத்துப் பார்ப்போம். பத்தடி அகலக் காம்பராக்கள் (ஒரு குடும்பத்துக்கான அறைகள்) பன்னிரண்டு வரிசையாக நின்றால் 120 அடி, அதாவது சுமார் 36.5 மீற்றர். படத்தில் அது முக்கால் மில்லிமீற்றர்கூட வராது. பன்னிரண்டு குடும்பங்களும் ஒரு பென்சில் முனைக்குள் அடங்கிவிடும். தாளுக்கு வயதும் ஆகும். தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்த்தேக்கம், அதற்கு முன் அச்சான படத்தில் எப்படி இருக்கும்?

கைத்தொலைபேசி வரைபடம் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. முதலில் உலகம் முழுவதும் 256 திரைப்புள்ளி அகலமும் அதே உயரமும் உள்ள ஒரே சதுரம். ஒரு படி பெரிதாக்கினால் அது நான்காகும். அடுத்த படியில் பதினாறு. பதினெட்டாம் படியில் உலகத்தை மூட ஏறத்தாழ 6,870 கோடி சதுரங்கள் வேண்டும். அவற்றில் நாம் பார்க்கும் இடத்துக்குரிய சில மட்டுமே திரைக்கு வருவதால்தான் மெலிந்த சிக்னலிலும் படம் விரிகிறது. அந்தப் படியில் ஒரு புள்ளி தரையில் சுமார் 60 சென்ரிமீற்றர். நமது லயம் இப்போது ஏறத்தாழ 60 புள்ளி நீளம்.

ஆனால் செய்மதிக்குத் தெரிவது கூரைதான். அது லயமா, குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவா, கொழுந்து நிறுக்கும் மடுவமா என்பதை அங்கே நடமாடுகிறவர்தான் சொல்ல முடியும். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அப்படிச் சொல்வதற்கு இடம் தருகிறது. யாரும் கணக்குத் தொடங்கி, செய்மதிப் படத்தின் மேல் கட்டடத்தின் மூலைகளைத் தொட்டு வரையலாம். அது எதற்குப் பயன்படுகிறது என்று குறிக்கலாம். பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சேர்க்கலாம். பிழையிருந்தால் அடுத்தவர் திருத்துவார்.

வழிகாட்டும் மென்பொருளின் சங்கதி இன்னும் சுவையானது. அதற்குத் தெரிந்தவை சந்திகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டும்தான். டச்சு அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறையும் அதன் வழிவந்தவையும் கோடுகளின் நீளத்தைக் கூட்டிப் பார்த்து மிகக் குறைந்ததைத் தெரிவு செய்கின்றன. தேயிலை மலைக்குள்ளால் பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் குறுக்குப்பாதையை யாரும் வரையாவிட்டால், தார் ரோட்டைச் சுற்றித்தான் போகச் சொல்லும். வரைந்த கோடு ரோட்டைத் தொடாமல் ஓரடி தள்ளி நின்றாலும் அதே கதைதான். தினமும் அந்தப் பாதையில் நடக்கும் பிள்ளை அந்த ஓரடியை இழுத்துச் சேர்த்துவிட்டு, படம் புதுப்பிக்கப்பட்டதும் வழி மாறுவதைப் பார்த்தால், வலையமைப்பு என்றால் என்னவென்று பிறகு விளக்க வேண்டியதில்லை.

கட்டடங்களை இப்படிப் படத்தில் ஏற்றும் வேலை மட்டக்களப்பில் நடந்திருக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் 2012 இறுதியில் தொடங்கிய திட்டத்தில், மண்முனை வடக்குப் பிரிவின் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறின. எத்தனை மாடி, சுவரும் கூரையும் எதனாலானவை என்றும் குறித்தார்கள். இனி வெள்ளம் வந்தால் மாடியுள்ள கட்டடம் எங்கே என்று படத்திடமே கேட்கலாம்.

மலையகத்தில் கேள்வி மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1:10,000 அளவில் மண்சரிவு அபாய வலயப் படங்களைத் தயாரிக்கிறது. அந்த அளவில் நமது லயம் மூன்றரை மில்லிமீற்றர். தோட்டத்து மாணவர்கள் தங்கள் லயங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து, அவற்றின் மேல் அந்த வலயத்தை ஒரு படலமாக விரித்தால், எந்த லயம் உள்ளே, எது வெளியே என்று தெரியும். தரையில் புதிதாக விழுந்த வெடிப்பு, திடீரென்று கிளம்பிய ஊற்று, சாய்ந்த மரம் ஆகியவற்றை அவர்கள் மேலும் குறிக்கலாம். மழை இரவில் எந்தப் பாதையால் வெளியேறுவது என்ற பேச்சு வீட்டில் தொடங்குவதற்கு அந்தப் படம் போதும்.

இதற்கு வேண்டியது ஒரு கைத்தொலைபேசியும் நடையும். வெட்டவெளியில் ஜி.பி.எஸ். சுமார் ஐந்து மீற்றருக்குள் இடம் காட்டும். இருபுறமும் மலை உயர்ந்த பள்ளத்தில் பிசகும், அங்கே செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். தண்ணீர் பிடிக்கும் பீலி, குறுக்குப்பாதை, பிள்ளைக்காம்பரா, கோயில் என்று பொது இடங்களிலிருந்து தொடங்கலாம். காம்பராவில் யார் இருக்கிறார் என்பதை மட்டும் எழுதக் கூடாது. உலகமே பார்க்கும் படம் அது.

1990 என்ற இலக்கத்தில் அம்பியூலன்ஸை அழைத்தால் எந்த இடம் என்று கேட்பார்கள். 'மேல்பிரிவு, கோயிலடி லயம்' என்ற பதில் தோட்டத்துக்குள் எல்லோருக்கும் விளங்கும். வெளியூரிலிருந்து வரும் சாரதிக்கும் அது விளங்க வேண்டுமானால், அந்த லயம் படத்தில் ஏறியிருக்க வேண்டும். அதை ஏற்றத் தெரிந்தவர்கள் அந்த லயத்துப் பிள்ளைகள்தான்.