புளியமரத்தடிக்கு ஒதுங்காதீர்கள்

மதியம் இரண்டு மணி வரை தர்மபுரி வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. இலை அசையாது. மூன்று மணிக்கு வத்தல்மலை முகட்டின்மேல் பஞ்சுப் பொதி ஒன்று தலைகாட்டும். அரை மணி நேரத்தில் கோபுரமாகிவிடும். "இன்னைக்கு ஒரு உழவு மழை இருக்குது" என்பார் டீக்கடை பெஞ்சில் இருப்பவர். சித்திரை, வைகாசியில் இது வழக்கம்தான்.

தர்மபுரிக்குக் கடல் இல்லை. ஈரத்தை வங்கக்கடல் காற்று கொண்டுவந்துவிடும். அதை மேலே ஏற்றுவது உள்ளூர் வேலை. காய்ந்த செம்மண் தன்மேல் கிடக்கும் காற்றைச் சுட வைக்கிறது. சூடான காற்று லேசாகி எழுகிறது, மலைச்சரிவும் தூக்கிவிடுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து விரியும் காற்று, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. ஓரிடத்தில் ஈரம் தூசியைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. மேகத்தின் அடிவயிறு தட்டையாகத் தெரிகிறதே, அந்த மட்டம்தான் அது. ஒரு மழைத்துளிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். பாதி வழியிலேயே ஆவியாகிப் போகும் மழையும் உண்டு. தூரத்தில் திரைபோலத் தொங்கும், தரையில் சொட்டு விழாது. மானாவாரிக்காரர் வயிற்றெரிச்சல் அது.

கோடை மழையின் குளுமையைப் பற்றி எழுதத்தான் சொன்னார்கள். எனக்கோ அந்தக் கோபுரத்தின் நடுவயிற்றில்தான் கண். ஈரம் துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, மேகம் 12 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். சுமார் 5 கிலோமீட்டருக்கு மேலே உறைநிலை. அங்கே பனித்துகளும் குட்டி ஆலங்கட்டியும் உரசி மின்னேற்றம் பிரிகிறது. மழையைத் தரும் காற்றின் அதே எழுச்சிதான் மின்னலையும் தருகிறது.

கோடை மழை வரம், பயமுறுத்தாதே என்பார்கள். உழவுக்கு வரம்தான்.

ஆனால் முதல் தூறலுக்கே ஆடு மேய்ப்பவரின் கால் தானாகப் புளியமரத்தடிக்குப் போகிறதே! வெட்டவெளியில் தனித்து நிற்கும் மரத்தைத்தான் மின்னல் எளிதில் பிடிக்கும். மரத்தில் இறங்கியது பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும், தரையிலும் பரவும். கூட்டமாக ஒண்டி நிற்கும் ஆடுகள் ஒரே அடியில் சாய்வது இதனால்தான்.

மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். 30 நொடிக்குள் இடி கேட்டால் அந்த மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் விழுந்திருக்கிறது. ஆடுகளை விட்டுவிட்டுக் கான்கிரீட் வீட்டுக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வந்து ஓட்டிக்கொள்ளலாம்.