சாலையோரத் தபாற் பெட்டி: உறுதியும் பொறுப்பும்

நமது கிராமங்களில் தபால்காரர் வீடு தேடி வந்து கடிதத்தைக் கொடுத்துச் செல்வது வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிராமப்புறங்களில் நிலைமை வேறு. அங்கே பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கின்றன. சாலையிலிருந்து வீடு உள்ளடங்கியும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரும் சாலையோரத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் ஒரு பெட்டியைப் பொருத்தி வைக்கின்றனர். தபால்காரர் வண்டியில் அமர்ந்தபடியே கடிதங்களை அதில் இட்டுச் செல்கிறார். பெட்டியை அமைப்பதும், பழுது பார்ப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பே. இரவில் ஆள் நடமாட்டமற்ற சாலையில் தனியே நிற்கும் இப்பெட்டியை விஷமிகளிடமிருந்து காப்பது எவ்வாறு என்பது அந்நாட்டு விவசாயிகளின் நெடுநாளைய கவலை. அவர்கள் கண்ட வழிகளில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. இரண்டுமே நாம் அறியத்தக்கவை.

பெட்டி பிறந்த வரலாறு

கிராமங்களுக்கு இலவசமாகத் தபால் கொண்டு சேர்க்கும் திட்டம் 1896ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கியது. அதற்கு முன்னர் விவசாயி தன் கடிதத்தைப் பெற ஊர்த் தபால் நிலையத்திற்குத் தானே சென்றாக வேண்டும். இத்திட்டத்திற்காக விடாது குரல் எழுப்பியவற்றுள் முக்கியமானது, 1867இல் தோன்றிய ‘கிரேஞ்ஜ்’ என்னும் விவசாயிகள் சங்கம். ஒன்று சேர்ந்து கேட்டதனால் கிடைத்த வசதி இது என்பதைக் கூட்டுறவாளர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

தொடக்கத்தில் விவசாயிகள் கையில் அகப்பட்டதையெல்லாம் பெட்டியாக்கினர். கொழுப்பு அடைத்து வந்த வாளி, சோப்புப் பெட்டி, அடுப்புப் புகைக்குழாயின் துண்டு ஆகியவைகூடக் கம்பங்களில் ஏறின. இதனால் தபால்காரர்கள் பட்ட சிரமத்தைக் கண்ட தபால் இலாகா, 1901இல் 63 மாதிரிகளைப் பரிசீலித்து அவற்றுள் 14ஐ மட்டும் ஏற்றுக்கொண்டது. மேற்பகுதி வளைந்து, சிறு சுரங்கம் போலத் தோன்றும் பெட்டியின் மாதிரி 1915இல் வந்தது. இன்றும் பரவலாகக் காணப்படுவது அதுவே.

விஷமிகளின் கைவரிசை

மெல்லிய தகட்டினால் ஆன இப்பெட்டி மழைக்குத் தாங்கும், அடிக்குத் தாங்காது. ஓடும் காரிலிருந்து பேஸ்பால் மட்டையை நீட்டிப் பெட்டிகளை வரிசையாக அடித்துச் செல்லும் தீய விளையாட்டு அங்கே இளைஞர் சிலரிடம் உண்டு. பெட்டிக்குள் பட்டாசு வெடிப்பவரும் உளர். விலாப்புறத்தில் ஓர் அடி விழுந்தால் தகடு உள்ளே ஒடுங்கிவிடும். வாய் கோணுவதனால் கதவு பொருந்தாது. மடித்த விளிம்புகள் பிரிந்து நீர் புகும். பின்னர் துரு தின்னும். பனிக் காலத்தில் சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி வாரி வீசும் பனியும் இதே சேதத்தை விளைவிக்கும்.

இரண்டு மூன்று பெட்டிகளை இவ்வாறு இழந்த விவசாயிக்குக் கோபம் வருவது இயல்பு. அக்கோபத்தில் அவர், அசையாத பெட்டி ஒன்றைக் கட்டிவிடத் துணிகிறார். கால் அங்குலக் கனமுள்ள இரும்புத் தகட்டைப் பற்றவைத்துப் பெட்டி செய்வர் சிலர். பெரிய பெட்டிக்குள் சிறிய பெட்டியை வைத்து இடையில் கான்கிரீட் நிரப்புவர் சிலர். பால் கேனில் கான்கிரீட் ஊற்றி அதன்மேல் பெட்டியை நிறுத்துவாரும், செங்கல் தூண் எழுப்புவாரும் உண்டு. மட்டையால் இவற்றை அசைக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும் சாலையோரத்தில் நிற்கும் பொருளின்மேல் மோதுபவர் விஷமி ஒருவர் மட்டும் அல்லர்.

ஒரு வழக்கு தரும் பாடம்

ஓஹியோ மாநிலத்தில் வீட்டுக்காரர் ஒருவர், முந்தைய பெட்டி சேதமடைந்ததனால், 8 அங்குல விட்டமுள்ள உலோகக் குழாயை 36 அங்குல ஆழத்தில் நட்டு அதன்மேல் பெட்டியை அமைத்தார். 2016ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வழியே சென்ற ஒருவரது வண்டி, சாலையில் உறைந்திருந்த பனிக்கட்டியில் வழுக்கி அக்குழாயின்மேல் மோதிக் கவிழ்ந்தது. குழாய் நின்றது, வண்டியை ஓட்டியவருக்குக் கைகால்கள் செயலற்றுப் போயின. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தபால் இலாகாவின் யோசனைகள் கட்டாயச் சட்டம் அல்ல என்றும், தவறிச் சாலையை விட்டு விலகிய வண்டியோட்டிக்கு வீட்டுக்காரர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் அல்லர் என்றும் 2021இல் தீர்ப்பாயிற்று. சட்டம் வீட்டுக்காரரை விடுவித்தது. முடங்கிய உடலை அத்தீர்ப்பு நிமிர்த்தவில்லை. விஷமம் ஏதும் செய்யாத ஒருவர், விஷமிகளுக்கும் தாங்கும்படி நட்ட கம்பத்திற்கு இரையானார்.

ஆகவே அடிப்படை விதி இது: பெட்டி மட்டைக்குத் தாங்க வேண்டும், கம்பமோ வண்டி மோதினால் சாய வேண்டும். மட்டையின் அடி ஒரு மனிதனின் கை வலிமை. வண்டியின் மோதலோ அதனினும் பன்மடங்கு பெரியது. இவ்விரண்டிற்கும் இடையில் போதிய இடைவெளி இருப்பதனால், முன்னதைத் தாங்கிப் பின்னதற்கு இடங்கொடுக்கும் அமைப்பு சாத்தியமே.

கம்பம்

தபால் இலாகா கூறும் அளவுகள் இவை: 4 அங்குலச் சதுர மரக் கம்பம், அல்லது 2 அங்குல விட்டமுள்ள எஃகு அல்லது அலுமினியக் குழாய். 24 அங்குலத்திற்கு மேல் புதைக்கலாகாது. சுற்றிலும் கான்கிரீட் போடாமல் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தினாலே போதும். பெட்டியின் அடிப்பாகம் சாலை மட்டத்திலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்திலும், அதன் முகப்பு சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளடங்கியும் இருக்க வேண்டும்.

பெட்டி

உட்புறம் 19 அங்குல நீளம், 7 அங்குல அகலம், 9 அங்குல உயரம் இருந்தால் கடிதங்களுக்கும் சிறு பொட்டலங்களுக்கும் போதும். இவ்வளவில் கால் அங்குல இரும்பினால் செய்தால் ஏறக்குறைய 25 கிலோ எடையாகும். பெட்டி நிற்கும் உயரமோ வண்டியின் முன் கண்ணாடியை ஒட்டியது. அத்தனை எடை பிடுங்கிக்கொண்டு கண்ணாடியின்மேல் பாய்ந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. 1 அங்குலக் கனமுள்ள பைன் பலகையினால் செய்தால் எடை 7 அல்லது 8 கிலோவிற்குள் அடங்கும்.

மூலைகளில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, ஆணி அடிக்காமல் திருகாணிகளால் இறுக்க வேண்டும். மேற்புறத்தை இருபக்கமும் சரிவாக அமைத்தால் மட்டை வழுக்கிச் செல்லும், மழையும் வடியும். பலகையின்மேல் நாகம் பூசிய மெல்லிய தகட்டைப் போர்த்தி விளிம்புகளை மடக்கிவிட்டால், தகடு ஒடுங்காதபடி பலகை பின்னின்று தாங்கும். அடிப்பலகையில் நீர் வடிய ஒரு சிறு துளை இடுக. கதவை இறுகப் பூட்டாமல், இலேசாக இழுத்தால் திறக்குமாறு வைப்பது நல்லது. உள்ளே பட்டாசு வெடித்தாலும் கதவு திறந்து அழுத்தம் வெளியேறும். அடிப்பலகையின் உட்புறம் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, நான்கு போல்ட்டுகளால் தாங்கியுடன் இறுகப் பிணைக்க வேண்டும். கம்பம் சாய்ந்தாலும் பெட்டி அதனின்று பிரியலாகாது.

சுழலும் கை

எல்லா வழிகளிலும் சிறந்தது சுழலும் கை அமைப்பாகும். கம்பத்தைச் சாலையிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே நட்டு, அதிலிருந்து சாலைப் பக்கம் நீளும் குறுக்குக் கட்டை ஒன்றை இரு கீல்களால் பொருத்தி, அதன் நுனியில் பெட்டியை வைக்க வேண்டும். மேற்கீல் கீழ்க்கீலைவிட அரை அங்குலம் சாலைப் பக்கம் முன்தள்ளி இருத்தல் அவசியம். அப்போது கட்டை எப்பக்கம் திரும்பினாலும் நுனி சற்று மேலெழும். தன் எடையினாலேயே மீண்டும் பழைய நிலைக்கு வந்து நிற்கும். அடி விழும்போது பெட்டி எதிர்த்து நில்லாமல் விலகிச் சுழல்வதனால் அடியின் வேகம் வீணாகிறது. பனி வந்து தாக்கினாலும் இவ்வாறே. கீல்களுக்கு ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் இட்டால் போதும்.

அனுமதியும் சட்டமும்

வீட்டிலேயே செய்த பெட்டியை உள்ளூர்த் தபால் அதிகாரியிடம் காட்டி அனுமதி பெறுதல் வேண்டும். திருட்டுக்கு அஞ்சிப் பூட்டு வைப்பவர்கள், கடிதம் இடுவதற்குக் குறைந்தது 10 அங்குல அகலமும் 1¾ அங்குல உயரமும் உள்ள வாய் அமைக்க வேண்டும்; தபால்காரர் சாவியை ஏற்றுக்கொள்ளமாட்டார்.

பெட்டி வீட்டுக்காரரின் செலவில் அமைந்ததாயினும், அதைச் சேதப்படுத்துவது அந்நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றமாகும். அபராதமும், 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம். எனவே சேதம் நேர்ந்தால் காவல் துறைக்கும் தபால் ஆய்வாளர்களுக்கும் உடனே தெரிவிப்பதே முறை. தண்டிக்கும் வேலையைக் கம்பத்திடம் ஒப்படைக்கலாகாது. மோதுபவர் குற்றவாளியா, வழி தவறிய அப்பாவியா என்று கம்பத்திற்குத் தெரியாது.

பொதுவழியின் ஓரத்தில் நாம் எதை நட்டாலும் இதே விதி பொருந்தும். நம் பொருளைக் காப்பது நமது உரிமை. அவ்வழியே செல்வோரின் உயிருக்கு ஊறு நேராமல் காப்பது நமது கடமை. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் வேலைப்பாடே சிறந்த வேலைப்பாடு.