படுகளமும் ஒரு சந்நிதியே

இறைவன் அசுரரோடு புரிந்த போரையும், தருமம் அதருமத்தோடு புரிந்த போரையும் ஆண்டுதோறும் நம் கண்முன் நிகழ்த்திக் காட்டும் விழாக்கள் பல உண்டு. சூரசம்ஹாரம், பாரதப் படுகளம், வடநாட்டு இராமலீலை ஆகியவை அவற்றுள் தலையாயவை. இவற்றிற்குரிய நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிக்கிறோம். வேடம், வாகனம், வாணவேடிக்கை ஒவ்வொன்றிற்கும் பொறுப்பாளரை நியமிக்கிறோம். போர் நிகழும் இடத்தைப் பற்றி மட்டும், ‘வழக்கமான இடம்தானே’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்த வழக்கமான இடத்தை முன்னோர் எதைக் கருதித் தேர்ந்தனர், இன்றும் அது தகுதியோடு இருக்கிறதா என்பதை அன்பர்கள் சற்றே சிந்திக்க வேண்டும்.

இடமே கதை சொல்லும்

திருச்செந்தூரில் கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை ஜெயந்திநாதர் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். யானைமுகம், சிங்கமுகம், சுயமுகம் எனத் தலை மாறி வரும் சூரன் இறுதியில் மாமரமாகி நிற்கிறான். கடலின் நடுவே மாமரமாக நின்ற சூரனை வேல் பிளந்தது என்று கந்தபுராணம் கூறுகிறது. எனவே அங்கு அலையோசையும் கதையின் ஓர் அங்கம். மணற்பரப்பு வெறும் மைதானம் அன்று. புராணம் சொன்ன களம் அதுவே.

பழனியிலோ கடல் இல்லை, மலை இருக்கிறது. ஆகவே அங்கு மலையைச் சுற்றியுள்ள கிரிவீதிகளே போர்க்களமாகின்றன. வடக்கில் தாரகாசுரன், கிழக்கில் பானுகோபன், தெற்கில் சிங்கமுகாசுரன், மேற்கில் சூரபத்மன் என நான்கு திசைகளிலும் வதம் நடைபெறுகிறது. கதை ஒன்றே, ஆனால் ஒவ்வொரு தலமும் தன் நிலத்தின் இயல்புக்கேற்பக் களத்தை வகுத்துக்கொண்டது.

இதன் உச்சத்தைக் காண வேண்டுமெனில் காசிக்கு எதிர்க்கரையிலுள்ள இராமநகருக்குச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 1830-இல் காசி மன்னர் உதித நாராயண சிங் தொடங்கிய இராமலீலை அங்கு 31 நாட்கள் நடைபெறுகிறது. அதற்கெனத் தனி மேடை கிடையாது, ஊரே மேடை. அயோத்தி ஓரிடத்தில், ஜனகபுரி வேறோரிடத்தில், பஞ்சவடி இன்னோரிடத்தில். இலங்கையோ ஊரின் எல்லையில் பரந்த வெளியாக அமைந்துள்ளது. இராமன் நடந்தால் அடியார்களும் உடன் நடக்கின்றனர். ஒலிபெருக்கியும் மின்விளக்கும் இன்றி, விளக்கொளியிலேயே லீலை நிகழ்கிறது. இடங்களுக்கு இடையேயுள்ள தூரமும் அங்கு வழிபாடாகிவிடுகிறது.

ஊர் தரும் களம்

நம் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் ஆலயங்களில் நடைபெறும் பாரத விழா இதற்குச் சற்றும் குறைந்ததன்று. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து எனப் பல நாட்கள் செல்கின்றன. பகாசுரனுக்கு உணவு கொண்டு செல்லும் வண்டி தெருக்களில் வலம் வருகிறது. அருச்சுனன் தபசுக்கு வானளாவும் மரம் நடப்படுகிறது. நிறைவில் திறந்தவெளியில் துரியோதனனின் பெரிய உருவம் களிமண்ணால் மல்லாந்த நிலையில் வடிக்கப்படுகிறது. பல ஊர்களில் அது 30, 40 அடி நீளத்திற்கும் மேலாக இருக்கும். பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிக்க, பாரதப் போர் முடிகிறது. பெரும்பாலான ஊர்களில் அன்று மாலையே தீமிதி.

இந்த ஒரு நாளுக்கு எத்தகைய நிலம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உருவம் கிடக்கவும் அதைச் சுற்றிப் போர் நிகழவும் மேடு பள்ளமற்ற வெளி வேண்டும். களிமண் கிடைக்கும் ஏரி அருகில் இருக்க வேண்டும். தீக்குழி அமைக்கப் போதிய விலக்கம் வேண்டும். அம்மன் எழுந்தருள ஆலயத்திலிருந்து நேர்வழி வேண்டும். இவ்விழா பெரும்பாலும் கோடையில், அறுவடை முடிந்து வயல்கள் வறண்டு கிடக்கும் காலத்தில் நடப்பதும் பொருத்தமாக அமைந்துவிட்டது. விளைநிலமும் பயிருக்கு ஊறின்றிக் களமாக முடிகிறது.

இடம் தவறினால்

2018-ஆம் ஆண்டு விஜயதசமி நாளில் அமிர்தசரசில் நிகழ்ந்தது நெஞ்சை உலுக்குவது. இராவண தகனம் நடந்த மைதானத்தை ஒட்டி இருப்புப்பாதை. மக்கள் பாதையின்மீது நின்று தகனத்தைக் கண்டுகொண்டிருந்தனர். வெடிச் சத்தத்திற்கிடையே விரைந்து வந்த இரயில் மோதி ஏறத்தாழ 60 பேர் மாண்டனர். விழாவுக்குரிய பக்தியில் அங்கு எவரிடமும் குறையில்லை. குறை இடத்தில் இருந்தது.

2022 ஏப்ரலில் தஞ்சையை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்தனர். அது போர் விழா அன்று. ஆயினும் பாடம் ஒன்றே. பாட்டன் காலத்தில் தேருக்கும் தபசு மரத்திற்கும் மேலே வானம் மட்டுமே இருந்தது. இன்று அங்கே கம்பி ஓடுகிறது. இடம் அதுவே ஆனாலும் அது பழைய இடம் அன்று.

ஆகவே விழாக் குழுவினர் ஒரு மாதம் முன்பே களத்தை நடந்து பார்ப்பது நலம். மேலே மின்கம்பி, அருகில் இருப்புப்பாதை, கிணறு, ஆழ்குழி உண்டா? கூட்டம் வெளியேற ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டா? தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் நுழைய முடியுமா? முதியோர் அமர நிழலும், குடிநீரும், கழிப்பிடமும் உண்டா? நம் வயதினர் பலர் சூரசம்ஹாரத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் காண்பதற்குக் கால்வலி மட்டுமே காரணமன்று. களத்தில் நமக்கென்று ஓரிடம் இல்லாமையும் காரணம்.

ஏட்டிலும் இருக்கட்டும்

வங்கிப் பணியில் நில ஆவணங்களோடு பல்லாண்டு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பல ஊர்களில் படுகளம் நடக்கும் நிலம் ஆலயத்தின் பெயரில் இருப்பதில்லை. ஒரு குடும்பத்தின் பட்டா நிலமாக இருக்கும். தலைமுறைகளாக விழாவுக்கு மனமுவந்து விட்டுக் கொடுத்திருப்பார்கள். அல்லது புறம்போக்காக இருக்கும். பட்டா நிலம் கைமாறி மனைப்பிரிவாகும் நாளில் அந்த நல்ல மனத்திற்குச் சான்று ஏதும் இராது. புறம்போக்கில் கட்டடம் எழும் நாளில், ‘இங்கேதான் துரியோதனன் கிடப்பான்’ என்று சொன்னால் எந்த அலுவலகமும் அதை ஏற்காது.

எனவே களத்தின் புல எண்ணைக் கண்டறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் அந்நிலம் எந்த வகையில் பதிவாகியுள்ளது என்று பாருங்கள். புலப்படத்தின் நகலைப் பெற்று வையுங்கள். தனியார் நிலமாயின், உரிமையாளர் இசைந்தால் ஒரு சிறு பகுதியையேனும் ஆலயத்திற்குத் தானமாகப் பதிவு செய்து பெறுங்கள். அறநிலையச் சட்டத்தின் ஆளுகைக்கு உட்பட்ட ஆலயத்தின் பெயருக்கு வந்துவிட்டால், 1959-ஆம் ஆண்டின் அச்சட்டம் காவலாகிறது. ஆணையரின் ஒப்புதலின்றி ஆலய நிலத்தை விற்க இயலாது. பொது நிலமாயின், ஊர் கூடி முறையாக மனு அளித்து, விழாப் பயன்பாட்டைப் பதிவு செய்யக் கோரலாம்.

இதில் முதியோர்க்குரிய பங்கு பெரிது. அம்மன் எந்த வழியாக வந்தாள், தபசு மரம் எங்கே நின்றது, தீக்குழி எந்தத் திசை நோக்கி வெட்டப்பட்டது என்பதெல்லாம் நம் நினைவில் மட்டுமே உள்ளன. அவற்றை ஒரு தாளில் எழுதி, கையால் ஒரு படமும் வரைந்து, ஆலயத்தில் ஒரு நகலும் இளையோரிடம் ஒரு நகலும் கொடுத்து வைப்போம். மூலவர் சந்நிதிக்குச் சுவர் உண்டு, கதவு உண்டு, பூட்டும் உண்டு. படுகளத்திற்கு இவை ஏதும் இல்லை. ஊராரின் நினைவே அதன் மதில். அந்த மதிலை எழுத்தில் எழுப்பி வைப்பதும் அம்மனுக்குச் செய்யும் திருப்பணியே ஆகும்.