சமன்பாட்டுக்கு உருவம் கொடுத்தால்

1825ஆம் ஆண்டில் 'காலசங்கலிதம்' என்ற நூல் மதராஸில் வெளியானது. எழுதியவர் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி. மதராஸ் வானாய்வுக்கூடத்தில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்தவர், கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்தவர். இந்த ஊரில் அவர் சந்தித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. காகிதமும் பேனாவும் இல்லாமல் போட்ட கணக்குக்கு இது அசாத்தியமான துல்லியம். ஆனால் அந்தக் கணிதருக்கு இதன் பின்னாலுள்ள கொள்கை எதுவுமே தெரியாது என்று வாரன் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலேயப் படையில் இருந்த ஒருவரின் மதிப்பீடு என்பதால் இதைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கழித்த பிறகும் ஓர் உண்மை மிஞ்சுகிறது: கணக்கைச் சரியாகப் போடுவதற்கு, அது எதைப் பற்றிய கணக்கு என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்றைய பன்னிரண்டாம் வகுப்பிலும் இதுதான் நடக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறியபோது, தமிழ்நாட்டுக் கணிதப் புத்தகத்தில் இருந்த பகுதி வகைக்கெழுக்கள் என்ற பாடம் மாணவர்களுக்கு இல்லாமல் போனது. இரண்டு எண்களைக் கொடுத்தால் மூன்றாவதாக ஓர் எண்ணைத் தரும் சார்புகளைப் பற்றிய பாடம் அது. போனதாகத்தான் தெரிகிறது, உண்மையில் அதே சார்பு வேறு பெயரில் உள்ளே இருக்கிறது. லீனியர் புரோகிராமிங் பாடத்தின் முதல் கணக்கைப் பாருங்கள். ஒரு வியாபாரியிடம் 50,000 ரூபாய் இருக்கிறது, 60 சாமான்கள் வைக்க இடம் இருக்கிறது. மேசை ஒன்றின் விலை 2,500, லாபம் 250. நாற்காலியின் விலை 500, லாபம் 75. எத்தனை மேசை, எத்தனை நாற்காலி வாங்கினால் லாபம் அதிகம்? மாணவர் கோடுகளை வரைகிறார், நாற்கரம் ஒன்று கிடைக்கிறது, அதன் நான்கு முனைகளிலும் லாபத்தைக் கணக்கிடுகிறார், 10 மேசை 50 நாற்காலிக்கு 6,250 ரூபாய் என்று விடை எழுதுகிறார். முனைகளை மட்டும் பார்த்தால் போதும் என்பது ஏன்? அதைக் கேட்பவர்கள் குறைவு. புத்தகம் தேற்றத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

லாபத்தை உயரமாக வைத்து இதை ஜியோஜீப்ரா என்ற மென்பொருளில் வரைந்தால் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கிறது. நாற்கரம் தரையில் கிடக்கிறது. அதன் மேல் லாபம் சாய்த்து வைத்த பலகையாக எழும்புகிறது. சாய்ந்த பலகையின் உச்சி நடுவில் இருக்க முடியாது, எந்த இடத்தில் நின்றாலும் மேலே ஏற ஒரு திசை உண்டு. ஏறிக்கொண்டே போனால் விளிம்பு, விளிம்போடு போனால் முனை. இரண்டு முனைகளை இணைக்கும் விளிம்பு முழுவதும் ஒரே உச்ச உயரத்தில் இருந்தால் விடைகள் பல என்பதும் கண்ணுக்கே தெரியும். தேற்றத்தின் நிரூபணம் ஏறக்குறைய இதுதான். படத்தை அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே படம்தான் வாதம்.

மென்பொருள் செய்யும் வேலை எளிமையானது. தரையைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. பக்கத்துக்கு 50 புள்ளிகள் என்றால் மொத்தம் 2,500. ஒவ்வொன்றிலும் உயரத்தைக் கணக்கிட்டு, அண்டைப் புள்ளிகளை இணைத்து, நிறம் பூசி, தட்டையான திரையில் சாய்வாகக் காட்டுகிறது. 1986இல் பிறந்த க்னுபிளாட்டும் இதைத்தான் செய்கிறது, 2001இல் ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜீப்ராவும் இதைத்தான் செய்கிறது. இரண்டுக்கும் பள்ளிக்கூடம் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஜியோஜீப்ரா கைபேசியிலும் ஓடும்.

சமன்பாடே இல்லாத இடத்தில்தான் இப்படி வரைவதன் அருமை இன்னும் தெரியும். புதுச்சேரிக் கடற்கரையின் கதை அப்படிப்பட்டது. இந்தக் கரையில் அலைகள் ஆண்டில் பெரும்பகுதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவகாலத்தில் தெற்கே திருப்புகின்றன. கூட்டிக் கழித்தால் மணல் போவது வடக்கே. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கல் தடுப்புகள் எழும்பின. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. பாறைகளைக் கொட்டி நகரைக் காப்பாற்றியபோது அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்தது. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் எஃகுத் தடுப்பு ஒன்றை இறக்கிய பிறகுதான் கடற்கரைச் சாலை ஓரத்தில் மணல் மறுபடி தலைகாட்டியது. இங்கே கடலடியின் ஆழம் என்பது இரண்டு எண்களின் சார்பு: கரையோரமாக எவ்வளவு தூரம், கரையிலிருந்து எவ்வளவு தூரம். மீனவர்கள் ஆழத்தைப் பாகம் என்ற அளவில் சொல்வார்கள், அளவைப் படகுகள் ஒலியை அனுப்பி மீட்டரில் அளக்கின்றன. எப்படி அளந்தாலும் கைக்கு வருவது எண்களின் நீண்ட பட்டியல். அதை வளைபரப்பாக்கினால் மணல் திட்டு எங்கே, குடைந்த பள்ளம் எங்கே என்று தெரியும். முந்தைய ஆண்டின் ஆழத்திலிருந்து பிந்தைய ஆண்டின் ஆழத்தைக் கழித்தால், மணல் சேர்ந்த இடம் மேடாகவும் போன இடம் குழியாகவும் எழும். அவற்றின் கன அளவுதான் இடம்பெயர்ந்த மணல். கரைக்குக் குறுக்கே போகும்போது ஆழம் மாறும் வேகம் ஒன்று, கரையோரமாகப் போகும்போது மாறும் வேகம் இன்னொன்று. பகுதி வகைக்கெழு என்று பாடநூல் பயமுறுத்துவது இந்த இரண்டைத்தான். இந்த ஊர் மாணவருக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் உதாரணம் கிடைக்காது.

படம் ஏமாற்றும் என்பது கணிதர்களின் பழைய மறுப்பு, நியாயமானதும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் செரேயின் நுண்கணிதப் பாடநூல், ஒரு புள்ளி சிறுமமா என்று அறிய அதன் வழியாகச் செல்லும் நேர்கோடுகளில் சோதித்தால் போதும் என்ற போக்கில் எழுதப்பட்டிருந்தது. 1884இல் இத்தாலியின் ஜுசெப்பே பியானோ அதைக் கவிழ்த்தார். அ, ஆ என்ற இரண்டு எண்களை வைத்து அவர் காட்டிய வகையைச் சேர்ந்த சார்பு ஒன்று: (ஆ − அ²) × (ஆ − 3அ²). பூஜ்யப் புள்ளி வழியாக எந்த நேர்கோட்டில் போனாலும் அந்தப் புள்ளிதான் பக்கத்தில் உள்ளவற்றில் தாழ்ந்தது. ஆனால் இரண்டு பரவளையங்களுக்கு நடுவே வளைந்து போனால் அதற்கும் கீழே இறங்கிவிடலாம். இரு எண்களையும் −1 முதல் 1 வரை வைத்து இதைத் திரையில் வரையுங்கள். உயரம் 8 வரை போகிறது, பள்ளத்தின் ஆழமோ மிஞ்சினால் 1/3. அதுவும் ஓரத்தில்தான், நடுவை நெருங்க நெருங்க இன்னும் மெலிந்துவிடும். உயரத்துக்கேற்ப அளவைச் சுருக்கினால் அந்தப் பள்ளம் கண்ணில் படாது. பூஜ்யத்துக்குக் கீழே உள்ளதற்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள், நடுவிலிருந்து மீசை முறுக்கிய இரண்டு பட்டைகள் உடனே வெளிப்படும். ஆக மறுப்பு பாதி சரி. கேள்வி இல்லாமல் பார்க்கும் கண்ணைப் படம் ஏமாற்றும். செரேயின் புத்தகத்தைப் படித்தவர்களை இயற்கணிதமும் அதே அளவு ஏமாற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படம் கிடைத்துவிட்டால் மாணவர் கணக்கே போட மாட்டார் என்ற அச்சத்துக்கு ஆசிரியர் கையில் மருந்து உண்டு. முதலில் காகிதத்தில் உருவத்தை ஊகித்து வரையச் சொல்லி, பிறகு திரையைத் திறக்கலாம். அ² − ஆ² என்பதற்குக் கிண்ணம் வரைந்த மாணவர் திரையில் சேணத்தைப் பார்க்கும்போது, எங்கே தவறினோம் என்று தேட இயற்கணிதத்துக்குத்தான் திரும்பியாக வேண்டும். பொதுத்தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லையே என்றால், உண்மைதான். ஆனால் மேசை நாற்காலிக் கணக்குக்கு மதிப்பெண் உண்டு.

படத்துக்கு எல்லை எங்கே என்பது வேறு விஷயம். அந்த வியாபாரி மேசை, நாற்காலியோடு கட்டிலும் விற்க ஆரம்பித்தால் தரையில் கிடந்த நாற்கரம் கனவடிவமாகிவிடும். லாபத்துக்கு உயரம் கொடுக்க நான்காவது திசை கிடையாது. அங்கே திரை கைவிரிக்கிறது. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை ஆயிரக்கணக்கான பொருள்கள் இருந்தாலும் தயங்குவதில்லை. லாபம் கூடும் திசையில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு நகர்ந்து, அதற்குமேல் ஏற வழியில்லாத முனையில் நிற்கிறது.