எழுந்திருக்க மறுக்கும் எழுவாய்

'பல மொழிகள் கற்றால் ஞாபகசக்தியும் மனக்கட்டுப்பாடும் பெருகுமா?' என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். அதற்குமுன் ஒரு வாக்கியத்தைப் படிப்போம்.

'குமார் பாலைக் குடித்த பூனையை விரட்டினான்.'

'குடித்த' என்றதுமே குடித்தவன் குமார் என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. அடுத்த சொல்லில் அந்த முடிவு கவிழ்கிறது.

இதைக் கல்யாணப் பந்தி என்று கொள்ளுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், பெயர்ச்சொற்கள் முன்னதாகவே வந்து காத்திருக்கின்றன. பந்தி நடக்கும் கூடம்தான் செயல் நினைவு, அதாவது வேலை முடியும்வரை தகவலை ஏந்தி வைத்திருக்கும் நினைவு. நாலைந்து இலைக்குமேல் கொள்ளாது. பந்தி விசாரிப்பவர் எல்லாரும் வரட்டும் என்று பொறுப்பதில்லை. குமாரைப் பாலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறார். பூனை வந்ததும் அவனை எழுப்பி வேறு இலைக்கு அனுப்பவேண்டும். உட்கார்ந்தவரை எழுப்பும் அந்தச் சிரமமான வேலைதான் மனக்கட்டுப்பாடு. அவன் போனபின்னும் எச்சில் இலை கிடக்கும். ஆய்வாளர்கள் கிறிஸ்டியான்சன், ஃபெரைரா குழுவினர் 2001இல் ஆங்கில வாக்கியங்களைக்கொண்டு இதைக் காட்டினார்கள்: வாக்கியத்தை முழுக்கப் படித்த பெரியவர்களும், கைவிட்டிருக்கவேண்டிய முதல் பொருளைப் பலமுறை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதே மனக்கட்டுப்பாடு வாக்கியத்துக்கு வெளியிலும் வேண்டும். சிவப்பு மையில் அச்சான 'பச்சை' என்ற சொல்லின் மை நிறத்தைச் சொல்லத் திணறுவோம் என்று உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935இல் காட்டினார். நிறத் திணறலையும் வாக்கியத் திணறலையும் தீர்ப்பதில் மூளையின் முன்பகுதியில் உள்ள ப்ரோக்கா பகுதி பங்கேற்கிறது என்று நோவிக் குழுவினர் 2005இல் வாதிட்டனர்.

மூளையின் முன்பகுதி முதிராத குழந்தைகளுக்கு இந்த எழுப்பும் வேலை எளிதில் கைவருவதில்லை. 1999இல் ட்ரூஸ்வெல் குழுவினர், கைக்குட்டைமேல் இருந்த தவளைப் பொம்மையைப் பெட்டிக்குள் வைக்கும்படி ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்கள். அந்த வாக்கியத்தில் பெட்டிக்கு முன்பே கைக்குட்டை வரும். பிள்ளைகள் பலமுறை தவளையை வேறொரு கைக்குட்டைமேல் கொண்டுபோய் வைத்தார்கள்.

இனி வாசகரின் கேள்வி. இருமொழியாளருக்கு மனக்கட்டுப்பாடு கூடுதல் என்ற முடிவை 2013இல் ஆய்வாளர்கள் பாப், கிரீன்பெர்க் சோதித்தபோது அந்த அனுகூலம் தென்படவில்லை. மூளையைக் கூர்மையாக்கும் என்ற மற்ற வாக்குறுதிகளையும் எச்சரிக்கையோடுதான் பார்க்கவேண்டும்: மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற லுமாசிட்டி நிறுவனம், விளம்பரத்தில் மிகைப்படுத்தியதாக எழுந்த வழக்கை முடிக்க 2016இல் அமெரிக்க அரசுக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. மூளைக்கு உரம் என்று எண்ணி மொழி கற்கவேண்டாம். அதைப் பேசுகிற மக்களுக்காகக் கற்றால் போதும்.

வாக்கியத் திணறல் பற்றிய ஆய்வுகளால் உடனே பயன்பெற வேண்டியவர்கள் பிள்ளைகள். நீண்ட வாக்கியத்தில் ஏவிவிட்டு, தப்பாகச் செய்த குழந்தையைக் கவனமில்லை என்று திட்டுவது அநியாயம். வாக்கியத்தை இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள்.