வாங்குமுன் மலையில் ஏற்றிப் பாருங்கள்

பதுளையில் கடை வைத்திருக்கும் நான் ஒருமுறை கொழும்பிலிருந்து மருந்தடிக்கும் மெசின்கள் 30 இறக்கினேன். மொத்த வியாபாரியின் கடையில், சமதரையில், தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்தோம், திறமாக இருந்தது. பசறைப் பக்கத் தோட்டமொன்றின் சரிவில் சுமந்து ஏறியபோது மூடி கசிந்து, மருந்து தொழிலாளியின் முதுகில் வழிந்தது. அத்தனையும் திரும்பி வந்தன. முதல் முடங்கியது ஒருபுறம், அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இராணுவங்கள் எப்படி வாங்குகின்றன என்று பிறகு தேடிப் படித்தேன். இந்தியாவில் விற்க வருபவர் தம் செலவிலேயே கொண்டுவந்து காட்ட வேண்டும். சோதித்தாலும் வாங்கியே ஆகவேண்டிய கடப்பாடில்லை. தென் கொரியாவின் கே-9 பீரங்கியை ராஜஸ்தான் பாலைவனத்தில் சோதித்த பிறகே 2017இல் 100 பீரங்கிகளுக்கு ஒப்பந்தமானது. 2021இல் அவை லடாக் மலைக்குத் தேவைப்பட்டபோது, பாலைவனத்தில் தேறியவைதானே என்று விட்டுவிடவில்லை. மூன்றை மேலே ஏற்றி, அந்தக் குளிரில் மறுபடி சோதித்தார்கள். 2024 டிசம்பரில் மேலும் 100க்கு ஒப்பமிட்டார்கள்.

இப்போது எதுவானாலும் முதலில் இரண்டு மாதிரிதான் எடுப்பேன். வெறும் தண்ணீரை நிரப்பி, சரிவில் ஏறி இறங்கிப் பார்க்கும்படி தோட்டத்துக்காரரிடம் கொடுப்பேன். மாதிரி தர மறுப்பவரிடம் ஓடர் கொடுப்பதில்லை.