கலப்பிரிவும் அதன் காவலும்

மாந்தர் யாவரும் வாழ்வைத் தொடங்குவது ஒரேயொரு கலமாகவே. கருக்கட்டிய அம்முட்டைக்கலம் இரண்டாகி, இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, ஈற்றில் எண்ணற்கரிய கலங்களைக் கொண்ட உடலாக வளர்கின்றது. வளர்ந்த பின்னரும் இத்தொழில் ஓய்வதில்லை. நம் என்பு மச்சையில் ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குருதிக் கலங்கள் புதிதாய் உருவாகின்றன. ஆயின், விரலில் வெட்டுண்ட புண் ஆறியதும் ஆங்குள்ள தோற்கலங்கள் மிகைபடப் பெருகாது அடங்கிவிடுகின்றன. பெருகுக என்றும், போதும் என்றும் கலங்களுக்குக் கட்டளையிடுவது யாது? அக்கட்டளை மீறப்படின் நேர்வது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலத்திலிருந்தே கலம் தோன்றும் என்னும் கோட்பாட்டை ஜேர்மானிய மருத்துவ அறிஞர் வேர்ச்சோ 1855 ஆம் ஆண்டில் வலியுறுத்தினார். அந்நாட்டவரான வால்தர் பிளெமிங் என்பார், சலமந்தரின் குடம்பிக் கலங்களைச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். கருவினுள்ளே இழை போன்ற உருவங்கள் தோன்றி, நீளப்பாட்டிற் பிளந்து, இருபுறமும் பிரிந்து செல்வதை 1882 இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். இழையுருப்பிரிவு என நாம் வழங்கும் நிகழ்ச்சி இதுவே. அவ்விழைகள் நிறமூர்த்தங்கள் எனப்படும். மனிதரின் உடற்கலமொன்றில் அவை 46 உள.

மாணவர் மனனஞ் செய்யும் முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முகவவத்தை, ஈற்றவத்தை என்னும் நான்கும் இப்பிரிவின் காட்சிகளே. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் மனிதக் கலமொன்றின் முழு வட்டம் ஏறத்தாழ 24 மணி நேரமாயின், இக்காட்சிகள் யாவும் ஒரு மணி நேரத்தளவில் நிகழ்ந்து முடிகின்றன. எஞ்சிய காலத்தில் கலம் ஓய்ந்திருக்கின்றது என்றே முன்னையோர் கருதினர். 1953 ஆம் ஆண்டளவில் அல்மா ஹவார்ட், ஸ்டீபன் பெல்க் என்னும் இருவர் கதிர்த்தொழிற்பாடுடைய பொசுபரசை ஓர் அவரையினத்தின் வேர்நுனிக்கு ஊட்டிச் செய்த ஆய்வு அக்கருத்தை மாற்றிற்று. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இரட்டிப்பது இடையவத்தையின் ஒரு குறித்த பகுதியிலேயே என அவர்கள் கண்டனர். எனவே கலவட்டம் நான்கு பருவங்களை உடையது: கலம் வளரும் முதலாம் இடைவெளி ஏறத்தாழ 11 மணி; டி.என்.ஏ. இரட்டிக்கும் தொகுப்புப் பருவம் 8 மணி. பிரிவுக்கு ஆயத்தமாகும் இரண்டாம் இடைவெளி 4 மணி. பிரிவு 1 மணி.

இவ்வட்டத்தை இயக்குவது யாதென்பதை உணர்த்தியவை மிக எளிய உயிர்களே. பாண் மாவைப் பொங்கச் செய்வதும் கள்ளைப் புளிக்கச் செய்வதுமாகிய மதுவத்தை, அமெரிக்கரான லீலண்ட் ஹாட்வெல் 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் ஆராய்ந்து, கலவட்டத்தில் பங்குகொள்ளும் நூற்றுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளைக் கண்டறிந்தார். ஆங்கிலேயரான போல் நேர்ஸ், கிழக்காபிரிக்க மதுவகையொன்றிலிருந்து முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்ட வேறொரு மதுவத்தில், பிரிவைத் தொடக்கும் முதன்மையான பரம்பரையலகைக் கண்டார். அதற்கு நிகரான மனிதப் பரம்பரையலகைப் பழுதுற்ற மதுவத்துட் புகுத்தியபோது, அம்மதுவம் மீண்டும் பிரியலாயிற்று என்பதை 1987 இல் அவரது குழுவினர் காட்டினர். மனிதனுக்கும் மதுவத்துக்கும் பொறி ஒன்றே என்பது இதனாற் புலனாயிற்று.

1982 இல் ரிம் ஹண்ட் என்பார் கடல் முள்ளெலியின் முட்டைகளை ஆராயும்போது, ஒரு புரதம் படிப்படியாகப் பெருகி, ஒவ்வொரு பிரிவின்போதும் திடீரென மறைவதைக் கண்டு அதற்குச் சைக்கிளின் எனப் பெயரிட்டார். நேர்ஸ் கண்ட பரம்பரையலகு ஆக்கும் நொதியம் ஒரு பூட்டாயின், சைக்கிளின் அதன் திறவுகோலாகும். சைக்கிளின் சேர்ந்தாலன்றி அந்நொதியம் தொழிற்படாது. தொழில் முடிந்ததும் திறவுகோல் அழிக்கப்படுதலின், கலம் முன்னோக்கிச் செல்லுமேயன்றிப் பின்னோக்கித் திரும்பாது. இம்மூவருக்கும் 2001 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பொறி உளதாயின் அதற்குக் காவலும் வேண்டும். முதலாம் இடைவெளியின் இறுதியிலுள்ள காவல், உணவும் வளர்ச்சிக் கட்டளையும் உளவா என நோக்குகின்றது. இல்லையேல் கலம் வட்டத்தை விட்டு நீங்கி ஓய்வுறும். ஈரற்கலங்கள் இவ்வாறு ஓய்ந்திருந்து, ஈரல் சேதமுற்றால் மீண்டும் பிரிவன. நரம்புக் கலங்களோ பெரும்பாலும் மீள்வதில்லை. இரண்டாங் காவல், டி.என்.ஏ. பழுதின்றி முற்றாக இரட்டித்ததா எனப் பார்க்கின்றது. மூன்றாவது, நிறமூர்த்தங்கள் யாவும் கதிரின் நார்களோடு முறையாகப் பிணைந்தனவா என ஆராய்கின்றது. ஒன்றேனும் பிணையாதிருப்பின் ஏனையவையும் காத்து நிற்றல் வேண்டும். டி.என்.ஏ. பழுதுற்றபோது கலத்தை நிறுத்துவதும், திருத்தவியலாதாயின் அக்கலத்தையே மாய்ப்பதும் பீ 53 என்னும் புரதத்தின் கடன்.

இக்காவலர் வீழ்ந்துபட, கலம் கட்டளையின்றிப் பெருகுவதே புற்றுநோய். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ அரைவாசியில் பீ 53 பழுதுற்றிருக்கக் காண்கின்றோம். புகையிலையிலுள்ள நச்சுப் பொருள்கள் டி.என்.ஏ.யை நேரே தாக்குவன. பாக்கும் புகையிலையும் மெல்லும் பழக்கம் வாய்ப்புற்றுநோய்க்கு வழிகோலுவது நம் நாட்டு மருத்துவர் நன்கறிந்த உண்மை. வீட்டு முற்றத்திற் கிடக்கும் இவ்வழக்கம் எத்துணைக் கேடு பயக்கும் என்பதை நாம் சிந்தித்தல் தகும்.

கேடு முற்றத்தில் இருப்பதுபோல மருந்தும் முற்றத்தில் இருத்தல் வியப்பன்று. நித்தியகல்யாணி எனவும் பட்டிப்பூ எனவும் நாம் வழங்கும் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்ரீன், கதிரின் நார்கள் உருவாகாது தடுக்கின்றது. மூன்றாங் காவலிலே தடைப்பட்ட புற்றுக்கலம் அழிகின்றது. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்கு இஃது இன்றியமையாத மருந்துகளுள் ஒன்று. ஆயினும் இச்செடியை வீட்டிற் கசாயமாக்கி அருந்துதல் நஞ்சாகும். அளவறிந்து மருத்துவர் கொடுப்பதே மருந்து. கலவட்ட நொதியங்களையே தடுக்கும் பல்போசைக்கிளிப் என்னும் மருந்தும் 2015 தொடக்கம் மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டு வருகின்றது.

மதுவத்தையும் கடல் முள்ளெலியையும் ஆராய்ந்தோர் கலம் எவ்வாறு பிரிகின்றது என்னும் வினாவை விடாது பற்றினர். நோயாளர்க்குரிய மருந்து அவ்வழியே பின்னர் வந்தது. நம் கல்லூரி ஆய்வுகூடத்தில் வெங்காய வேர்நுனியை நசுக்கி நுணுக்குக்காட்டியில் நோக்கும் மாணவர், பரீட்சைக்கு வரையும் படத்தோடு அமையாது, ஆங்கு ஒரு கலம் ஏன் பிரிகின்றது, அதன் அயற்கலம் ஏன் வாளா இருக்கின்றது எனவும் வினவுவாராக.